கரிசல், களி, பாறை, கடற்கரை மணல்: செப்டிக் டேங்க் தண்ணீர் இறங்காத இடங்களில் பழுதைக் கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும்

டேங்க் நிரம்பிவிட்டது என்று லாரியைக் கூப்பிட்டு உறிஞ்சி எடுக்கிறோம். பத்து நாளில் மறுபடி நிரம்பி நிற்கிறது. கோவில்பட்டி, அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசலிலும், திருவாரூர், நாகப்பட்டினம் களியிலும் வீடு கட்டியவர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. "டேங்க் பத்தாது, பெருசாக் கட்டணும்" என்பார் கொத்தனார். பெரும்பாலும் அது வீண்செலவு. டேங்க் பிடித்து வைப்பது கழிவின் கட்டியை மட்டுமே. ஐந்து பேர் இருக்கும் வீட்டில் கழிப்பறை, குளியல், சமையலறை எல்லாம் சேர்ந்து நாளுக்கு 500 லிட்டர் உள்ளே போனால் அதே 500 லிட்டர் வெளியே வந்தே தீரும். கடையில் "பயோ" என்று பெயர் போட்டு விற்கும் டேங்குக்கும் இதுவே கணக்கு. வெளியே வரும் தண்ணீரை மண் வாங்குகிறதா, வாங்காவிட்டால் அதை வேறு எங்கே அனுப்புவது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கை வைப்பதற்கு முன் மூன்று மட்டம்

மூடியைத் திறந்து அரைமணி நேரம் காற்றாட விடுங்கள். பீடி, தீக்குச்சி பக்கத்தில் கூடாது. உள்ளே மீத்தேன் இருக்கும். ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "வாடை இல்லை, இறங்கலாம்" என்று நினைத்த இடத்தில்தான் உயிர் போகிறது. காற்றாட விடுவது வெளியிலிருந்து பார்ப்பதற்கு மட்டுமே. எவ்வளவு நேரம் திறந்து வைத்தாலும் உள்ளே ஆளை இறக்காதீர்கள். பாதுகாப்பில்லாமல் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட. உறிஞ்சும் லாரிக்குத் தமிழ்நாட்டில் 14420 என்ற எண் இருக்கிறது.

ஒரு நீளக் குச்சியும் டேப்பும் எடுத்துக்கொண்டு மூன்று இடத்தில் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள்: வீட்டுக் குழாய் வந்து சேரும் சேம்பர், டேங்கின் வெளிவாய், உறிஞ்சுகுழி. நல்ல நிலையில் டேங்கின் மட்டம் வெளிவாய்க் குழாயின் அடிவிளிம்போடு சரியாக நிற்கும்.

சேம்பர் முட்ட நிரம்பி, டேங்க் சரியான மட்டத்தில் இருந்தால் அடைப்பு நடுக்குழாயிலோ உள்வாய் 'டீ'யிலோ ('T' வடிவக் குழாய் இணைப்பு) இருக்கிறது. கம்பி விட்டுக் குத்தினால் தீரும். மண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

டேங்க் வெளிவாய்க்கு மேலே ஏறி நிற்கிறது, ஆனால் உறிஞ்சுகுழி காலியாக இருக்கிறது என்றால் வெளிவாய் 'டீ' அடைத்திருக்கும், அல்லது இரண்டுக்கும் நடுவில் குழாய் உட்கார்ந்திருக்கும். கரிசலில் இந்தக் குழாய் உட்காருவது சர்வசாதாரணம்: கோடையில் மண் சுருங்கி, மழையில் உப்பி, இணைப்பைப் பிரித்துவிடும். குழாய்க்குக் கீழே 15 செ.மீ. மணல் மெத்தை போட்டு, சாய்வு மீட்டருக்கு 1 செ.மீ. குறையாமல் மறுபடி பதியுங்கள்.

டேங்க் வெளிவாய்க்குக் கீழே போய்விட்டதென்றால் ஒழுகுகிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

டேங்கும் ஏறி, குழியும் விளிம்பு வரை நிற்கிறதா? அப்போது மண் வாங்கவில்லை என்று அர்த்தம்.

மண் என்ன சொல்கிறது: உறிஞ்சல் சோதனை

இதைச் செய்யாமல் குழி வெட்டுவது இருட்டில் பணம் எண்ணுவதுதான். கசிவுப் பள்ளம் (டேங்க் தண்ணீரை மண்ணுக்குள் விடும் ஜல்லிப் பள்ளம்) வரப்போகும் ஆழத்துக்கு, 15 செ.மீ. விட்டத்தில் குறைந்தது மூன்று இடத்தில் துளை தோண்டுங்கள். பக்கச் சுவரைக் கத்தியால் கீறி, மழுங்கிய பரப்பை எடுத்துவிடுங்கள். அடியில் 5 செ.மீ. சின்ன ஜல்லி. தண்ணீர் ஊற்றி ஓர் இரவு முழுக்க ஊறவிடுங்கள். மறுநாள் ஜல்லிக்கு மேல் 15 செ.மீ. தண்ணீர் நிறுத்தி, அரைமணிக்கு ஒருமுறை எவ்வளவு இறங்குகிறது என்று குறியுங்கள். கடைசி அரைமணியின் அளவிலிருந்து, 2.5 செ.மீ. இறங்க எத்தனை நிமிடம் என்று கணக்கிடுங்கள். அதுதான் 't', இங்கே 'நி' என்று வைத்துக்கொள்வோம். மணலில் அரைமணிக்குள் வற்றிவிடும், அங்கே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

நி 30-க்குள் வந்தால் சாதாரண உறிஞ்சுகுழி போதும். 30 முதல் 60 வரை என்றால் ஆழக் குழி வேண்டாம், ஆழமில்லாத நீளப் பள்ளம் போடுங்கள். 60-ஐத் தாண்டினால் அந்த மண்ணை நம்பி எதையும் புதைக்காதீர்கள். பள்ளத்தின் அடிப்பரப்பில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு எவ்வளவு லிட்டர் விடலாம் என்பதற்கு 204-ஐ நி-யின் வர்க்கமூலத்தால் வகுப்பது வழக்கம். நி 49 என்றால் 204-ஐ 7-ஆல் வகுக்க 29 லிட்டர். 500 லிட்டருக்கு 17 சதுர மீட்டர் வேண்டும், 60 செ.மீ. அகலத்தில் 29 மீட்டர் நீளம். இரண்டாகப் பிரித்து, நடுவில் 2 மீட்டர் இடைவெளி விட்டு வெட்டலாம்.

கரிசலில் ஒரு பொறி இருக்கிறது. சித்திரை, வைகாசியில் சோதனை செய்தால் தண்ணீர் வெடிப்பு வழியாக ஓடி மறைந்துவிடும்; "அருமையான மண்" என்று தோன்றும். ஐப்பசி மழையில் மண் உப்பி வெடிப்பு மூடியதும் அதே இடத்தில் ஒரு விரற்கடைகூட இறங்காது. ஆகவே கரிசலில் ஓர் இரவு ஊறல் போதாது. துளையைச் சுற்றி வெடிப்பு மூடும் வரை இரண்டு மூன்று நாள் தண்ணீர் நிறுத்திய பிறகே அளவெடுங்கள்.

அறிகுறி 1: கோடையில் ஒன்றுமில்லை, அடைமழையில் கழிப்பறைக் கோப்பை பொங்குகிறது

வடகிழக்குப் பருவமழை முடிந்து ஒரு மாதத்தில் தானாகச் சரியாகிறதென்றால் காரணம் இரண்டில் ஒன்று. பக்கத்துக் கிணற்றைப் பாருங்கள். கிணற்று மட்டமும் உறிஞ்சுகுழி மட்டமும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருந்தால் நிலத்தடி நீர் குழிக்குள் வந்துவிட்டது. டெல்டாவிலும் கடற்கரையிலும் இதுதான். கிணறு ஆழத்தில் இருக்க, குழி மட்டும் நிரம்பி நின்றால் மண் உப்பி மூடிக்கொண்டது; அது கரிசல்.

நிலத்தடி நீர் ஏறிய இடத்தில் குழியை ஆழப்படுத்துவது பிரச்சினையை ஆழப்படுத்துவதுதான். இன்னும் நாலு உறை இறக்கினால் நாலு உறை அளவுக்கு ஊற்றுநீர் நிற்கும். செய்ய வேண்டியது தலைகீழ்: தண்ணீர் விடும் பரப்பை மேலே தூக்குங்கள். மழைக்கால நீர்மட்டத்துக்கும் தண்ணீர் விடும் பரப்புக்கும் நடுவில் காய்ந்த மண்ணோ மணலோ குறைந்தது 60 செ.மீ. இருக்க வேண்டும், மணல் நிலத்தில் 1.2 மீட்டராவது. கிருமிகள் சாவது இந்தக் காற்றோட்டமுள்ள அடுக்கில்தான். நீர்மட்டம் ஒரு மீட்டருக்குள் வந்துவிடும் ஊரில் இதற்கு மணல்மேடு (அறிகுறி 3-இல் பார்ப்போம்) தவிர வழியில்லை.

அதற்கு முன் இலவசமான ஒரு வேலை: கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது என்று பாருங்கள். மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயை உறிஞ்சுகுழியின் பக்கத்திலேயே விட்டிருப்பார்கள். 100 சதுர மீட்டர் கூரையில் 50 மி.மீ. மழை பெய்தால் 5,000 லிட்டர். வீட்டின் பத்து நாள் கழிவுநீர் அது. அதை மறுபக்கம் திருப்பி, டேங்க் மூடிகளை நிலத்துக்கு மேல் 15 செ.மீ. உயர்த்திப் பூசினாலே பாதி வீடுகளுக்கு மழைக்காலம் ஓடிவிடும்.

சரிவான நிலமாக இருந்தால் மேட்டுப்பக்கம் ஒரு ஜல்லிக் கால்வாய் வெட்டி, கசிந்து வரும் நீரை வழிமறித்துத் தாழ்வில் விடலாம். டெல்டாவில் இதைச் சொல்லிப் பயனில்லை. தாழ்வு என்று ஒன்று இருந்தால்தானே.

அறிகுறி 2: வருடம் முழுக்க குழியைச் சுற்றி ஈரம், கறுப்புச் சேறு, நாற்றம்

குழியோரம் ஒரு அடி தோண்டி ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவில் பாருங்கள். இங்கே மூன்று காரணம் உண்டு. மூன்றுக்கும் மருந்து வேறு.

முதலாவது, கறுத்து வழவழவென்று ஒரு தோல் படிந்திருக்கும். கிருமிகளும் அவற்றின் பசையும் சேர்ந்த படிவு அது. மெல்லியதாக இருக்கும்வரை நல்லதுதான், வடிகட்டும். டேங்கிலிருந்து கட்டி தள்ளி வரத் தொடங்கினால் தடித்து வழியை அடைத்துவிடும். டேங்கில் மண்டியும் மேலே மிதக்கும் ஆடையும் சேர்ந்து திரவ ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். சாதாரணமாக இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை. டேங்கைச் சுத்தம் செய்து, வெளிவாயில் வடிகட்டி மாட்டி, படிந்த குழிக்கு ஓய்வு கொடுங்கள். ஓய்வு கொடுக்க இரண்டாவது குழி வேண்டும். ஆகவே முதலிலேயே இரண்டு பள்ளம் வெட்டி, ஒரு பிரிப்புச் சேம்பர் வைத்து ஆறு மாதத்துக்கு ஒன்றாக மாற்றுவது நல்லது. காற்றுப் பட்டால் படிவு தானாக அழியும்.

இரண்டாவது, தோல் இல்லை. ஆனால் மண்சுவர் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருக்கிறது. ஈரக் களியில் ஜே.சி.பி. வைத்து வெட்டினால் பக்கெட்டின் பல் மண்ணை இழுத்துப் பூசி, துளைகளை அடைத்துவிடும். புதுக் குழி முதல் மாதமே நிரம்புகிறதென்றால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஜல்லியை எடுத்துவிட்டு, மண் காய்ந்த பின் சுவரையும் அடியையும் இரும்பு வாரியால் 3 செ.மீ. ஆழம் கீறி, உதிர்ந்ததை அள்ளிவிட்டு ஜல்லி போடுங்கள். களியில் எப்போது வெட்டலாம் என்பதற்கு ஒரு சோதனை: அந்த ஆழத்து மண்ணை உள்ளங்கையில் உருட்டுங்கள். பென்சில் கனத்துக்கும் கீழே மெல்லிய திரியாக வந்தால் இன்னும் ஈரம். உடைந்து உதிர்ந்தால் வெட்டலாம்.

மூன்றாவது, உப்பு. தென்மாவட்ட போர்த் தண்ணீரில் சோடியம் அதிகம். துணி சோப்புத் தூளிலும் உண்டு. வீட்டில் கடினநீரை மென்னீராக்கும் சாஃப்ட்னர் இருந்தால் அது கழுவிவிடும் உப்பு நீர் தனி. சோடியம் களித்துகள்களைப் பிரித்துவிடும். பிரிந்த துகள் போய்த் துளையை அடைக்கும். ஒருமுறை இப்படி மூடிய களி ஓய்வு கொடுத்தாலும் திறக்காது. சாஃப்ட்னரின் உப்பு நீரை டேங்கில் விடாதீர்கள். துவைத்த தண்ணீரைத் தனியாகப் பிரியுங்கள்.

கடையில் விற்கும் என்சைம் தூள் இந்த மூன்றில் எதையும் தீர்க்காது. மலத்திலேயே வேண்டிய கிருமி இருக்கிறது. அடைத்துக்கொண்ட களியைத் திறக்க எந்தக் கிருமியாலும் ஆகாது.

இன்னொரு 'தீர்வு' கரிசல் ஊர்களில் ரகசியமாக நடக்கிறது: குழியின் அடியில் போர் போட்டுத் தண்ணீரைக் கீழே இறக்கிவிடுவது. தண்ணீர் மறையும், உண்மைதான். அது நேராகக் குடிநீர் ஊற்றுக்குப் போகிறது; நடுவில் வடிகட்ட ஒரு சாண் மண்கூட இல்லை. தெருவில் அத்தனை போரும் ஒரே ஊற்றில் குடிக்கும்போது, அந்த வீட்டுக்காரரும் அதையே குடிக்கிறார்.

கரிசலில் நி 60-ஐத் தாண்டினால்

தண்ணீரை இரண்டாகப் பிரியுங்கள். கழிப்பறைத் தண்ணீர் ஐந்து பேருக்கு நாளுக்கு 150 லிட்டர் அளவில்தான் இருக்கும். மீதி 350 குளித்ததும் துவைத்ததும் பாத்திரம் கழுவியதும். சமையலறைத் தண்ணீரை மட்டும் ஒரு கொழுப்புத் தொட்டி வழியாக விட்டு, இந்த 350 லிட்டரையும் வாழை, கல்வாழை, சேம்பு வைத்த அகலப் பாத்திகளுக்கு மாற்றி மாற்றிப் பாய்ச்சலாம்.

150 லிட்டரை ஆவியாக்கவே ஒரு படுகை கட்டலாமா என்று கேட்பார்கள். கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. ஆவியானால் 1 லிட்டர். மழையைக் கழித்து நாளுக்கு 3 மி.மீ. என்று வைத்தால் 150 லிட்டருக்கு 50 சதுர மீட்டர், ஒன்றேகால் சென்ட். 500 லிட்டருக்குக் கேட்டால் நாலு சென்ட் போகும். வீட்டை எங்கே கட்டுவது? அதிலும் ஐப்பசி, கார்த்திகையில் மழை ஆவியை மிஞ்சிவிடும். அந்த இரண்டு மாதத் தண்ணீரைத் தாங்க ஜல்லியின் இடைவெளியில் இடம் வேண்டும். தார்ப்பாய் விரித்து, 60 செ.மீ. ஆழத்தில் கீழே ஜல்லி மேலே மணல் போட்டு, மேற்பரப்பை நடுவில் உயர்த்தி மழை வழிந்தோட விட்டால் ஓரளவு சமாளிக்கும். படுகை கார்த்திகையில் பொங்கினால் பரப்பைக் கூட்டுவதற்கு முன் மேற்பரப்புச் சாய்வைச் சரிபாருங்கள். பள்ளமாக உட்கார்ந்த படுகை மழைநீரை வாங்கிக்கொண்டே இருக்கும்.

அறிகுறி 3: மணல்மேட்டின் அடிவாரத்தில் கசிவு

மணல்மேடு என்பது 1970-களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வடிவம் பெற்ற முறை. நிலத்தைக் கீறிவிட்டு, அதன் மேல் 60 செ.மீ. சுத்தமான மணல், அதன் மேல் 20 செ.மீ. ஜல்லி, ஜல்லிக்குள் ஓட்டை போட்ட பி.வி.சி. குழாய், மேலே மண்பிரிப்புத் துணி, 30 முதல் 40 செ.மீ. மேல்மண், புல். டேங்கை அடுத்து, பம்ப் வைக்க ஓர் உறைத்தொட்டி. அங்கிருந்து தண்ணீரை வேளைக்கு ஒரு தவணையாக மேலேற்ற வேண்டும்.

ஐந்து பேருக்கு உண்டான அளவு இது: மணலில் சதுர மீட்டருக்கு 40 லிட்டர் வீதம் 500 லிட்டருக்கு 12.5, படுகையை 1.5 × 9 மீட்டராக வைக்கலாம். ஒன்றரை இஞ்ச் குழாய் இரண்டு, ஒவ்வொன்றிலும் 90 செ.மீ. இடைவெளியில் 6 மி.மீ. ஓட்டை பத்து. பக்கச் சரிவு மூன்றுக்கு ஒன்று விட்டால் மேட்டின் அடி 9 × 16 மீட்டர், மூன்றரை சென்ட். இடம் இல்லாதவர்கள் சரிவை இரண்டுக்கு ஒன்றாக்கி இரண்டு சென்ட் அளவில் முடிக்கிறார்கள். அப்போது புல் பிடிக்கும்வரை மழை கரைத்துக்கொண்டே இருக்கும். ஐந்து சென்ட் மனையில் வீட்டோடு இதை நுழைக்கப் பார்க்காதீர்கள்.

அடிவாரத்தில் கசிந்தால் முதலில் எந்தப் பக்கம் என்று பாருங்கள். ஒரே இடத்தில் கசிந்தால் அங்கே மண் மிதிபட்டிருக்கிறது. மேடு கட்டும்போது டிப்பர் அந்த இடத்தில் ஏறிப் பின்னால் வந்து மணல் கொட்டியிருப்பான். மேட்டடி முழுக்கக் கலப்பை ஓடின காய்ந்த நிலமாக இருக்க வேண்டும். மணலை ஓரத்தில் கொட்டி, தள்ளிக்கொண்டே முன்னேற வேண்டும். சக்கரம் பட்ட களி மறுபடி தளராது. அந்தப் பக்கம் அடிவாரத்தை இரண்டு மீட்டர் நீட்டி, நிலத்தைக் கீறி, மணலும் மேல்மண்ணும் சேர்ப்பதுதான் வழி. சுற்றிலும் கசிந்தால் வீட்டில் தண்ணீர்ச் செலவு கணக்கைத் தாண்டிவிட்டது, அல்லது ஒழுகும் ஃப்ளஷ் டேங்க் ஒன்று இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஃப்ளஷ் தொட்டியில் சிறிது சாயம் கலந்து, அரைமணி கழித்துக் கோப்பையில் நிறம் தெரிகிறதா பாருங்கள்.

அறிகுறி 4: மேட்டுக்குள் தண்ணீர் நிற்கிறது

மணலின் மேற்பரப்பு வரை இறங்கும் நாலு இஞ்ச் பார்வைக் குழாய் ஒன்றைக் கட்டும்போதே வைத்திருக்க வேண்டும். பம்ப் ஓடிய ஒரு மணி நேரம் கழித்து அதில் தண்ணீர் நின்றுகொண்டே இருந்தால் மணல் அடைத்திருக்கிறது. நம் ஊரில் இதற்கு முதல் காரணம் எம்-சாண்டிலுள்ள பொடி. கழுவாத எம்-சாண்டும், பூச்சுக்கு வாங்கும் பி-சாண்டும் இதற்கு ஆகாது. வாங்குமுன் நேரான கண்ணாடிப் புட்டியில் 5 செ.மீ. மணல் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, அரைமணி வையுங்கள். மணலுக்கு மேல் படியும் பொடி 2 மி.மீ.-ஐத் தாண்டினால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள். போட்டுவிட்ட பிறகு திருத்த, மணலை மாற்றுவதைத் தவிர வேறில்லை.

மணல் நல்லது, இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் நிற்கத் தொடங்கியது என்றால் ஓட்டைகளைச் சோதியுங்கள். குழாய்களின் கடைசி முனை மேல்நோக்கித் திரும்பி மூடியோடு இருக்க வேண்டும். மூடியைக் கழற்றி, அதில் ஒரு ஒளிபுகும் குழாயை நிமிர்த்திச் செருகி, பம்பைப் போடுங்கள். தண்ணீர் சுமார் 75 செ.மீ. ஏற வேண்டும். அந்த அழுத்தத்தில் ஒரு 6 மி.மீ. ஓட்டை நிமிடத்துக்கு 4 லிட்டர் அளவு விடும். 20 ஓட்டைக்கு 80 லிட்டர். 75-ஐவிட நன்றாக மேலே ஏறினால் ஓட்டைகள் பாதி அடைத்துவிட்டன. குறைந்தால் பம்ப் தேய்ந்தது, அல்லது நடுவில் குழாய் உடைந்து ஒரே இடத்தில் கொட்டுகிறது. அடைத்ததற்கு முனைகளைத் திறந்து பம்பால் கழுவி, நீளக் கம்பியில் கட்டிய பிரஷ்ஷால் இழுத்துவிடுங்கள்.

அறிகுறி 5: பம்ப் நிற்காமல் ஓடுகிறது, அல்லது ஓடவே இல்லை

ஒரு தவணையின் அளவு, குழாய்க்குள் நிற்கும் தண்ணீரைப்போல் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் ஓட்டைகளே எல்லாவற்றையும் குடித்துவிடும். 18 மீட்டர் ஒன்றரை இஞ்ச் குழாய் 22 லிட்டர் பிடிக்கும். ஐந்து மடங்கு 110. 3 அடி விட்டமுள்ள பம்ப் உறையில் 1 செ.மீ. உயரம் ஆறரை லிட்டர். ஆகவே பம்பைத் தானாக இயக்கும் மிதவைச் சுவிட்சுகளில், 'போடு' ஃப்ளோட்டுக்கும் 'நிறுத்து' ஃப்ளோட்டுக்கும் நடுவில் 17, 18 செ.மீ. வைத்தால் சரி. நாளுக்கு நாலைந்து தவணை வரும். அரை எச்.பி. கழிவுநீர் சப்மெர்சிபிள் இந்த வேலைக்குப் போதும். சுத்தநீர் பம்பைப் போட்டால் சீக்கிரம் சிக்கிக்கொள்ளும்.

நிற்காமல் ஓடினால் ஃப்ளோட்டின் ஒயர் பம்பிலோ குழாயிலோ மாட்டியிருக்கும். ஃப்ளோட்டுகளைப் பம்பின் குழாயில் கட்டாமல் தனிக் கம்பத்தில் கட்டுங்கள். மட்டம் இறங்கவே இல்லையென்றால் உறைகளின் இணைப்பு வழியாக நிலத்தடி நீர் உள்ளே வருகிறது. மழைக்காலத்தில் வீட்டில் யாரும் இல்லாத ஒரு நாளில் மட்டத்தைக் குறித்து வைத்தால் தெரிந்துவிடும். இந்த இரண்டு ஃப்ளோட்டும் போக, 'போடு' மட்டத்துக்கு 10 செ.மீ. மேலே ஒரு அலார ஃப்ளோட், பம்பின் மின்இணைப்பு அல்லாத வேறு இணைப்பில் வேண்டும். இரண்டுக்கும் ஒரே ஃபியூஸ் என்றால் பம்ப் நின்ற அன்று அலாரமும் நின்றிருக்கும். மின்வெட்டு உள்ள ஊரில் அலார மட்டத்துக்கு மேலே ஒரு நாள் தண்ணீர், அதாவது 500 லிட்டர், பிடிக்கும் உயரம் விட்டுக் கட்டுங்கள்.

அறிகுறி 6: தண்ணீர் மாயமாக மறைகிறது, கிணற்றுத் தண்ணீர் கெடுகிறது

குழி நிரம்புவதே இல்லை என்று மகிழ்ச்சியாக இருப்பவர்கள் படிக்க வேண்டிய பகுதி இது. கடற்கரை மணலில் 2.5 செ.மீ. ஒரு நிமிடத்தில் இறங்கிவிடும். பாறை நிலத்தில் வெடிவைத்துத் தோண்டிய குழியில் விரிசல் வழியே ஓடிவிடும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லிலும் அதுவே கதை: மேலே மெல்லிய மண், கீழே பொந்தும் வெடிப்புமான கல், அதே கல்லில் குடிநீர்க் கிணறு. இப்படிப்பட்ட நிலத்தில் கிணற்றுக்கும் குழிக்கும் 15, 18 மீட்டர் என்ற வழக்கமான இடைவெளியை நம்ப முடியாது. விரிசல் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் போகும்.

தண்ணீரைச் சோதிக்கக் கொடுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் செய்கிறார்கள். 100 மி.லி.யில் ஈ.கோலி ஒன்றுகூட இருக்கக் கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மி.கிராமைத் தாண்டினால் கைக்குழந்தைக்குப் பால் கரைக்க அந்தத் தண்ணீர் ஆகாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைட்ரேட் போகாது, தண்ணீர் சுண்டுவதால் இன்னும் கூடும்.

சரிசெய்ய, குழியை மூடிவிட்டு மேலோட்டமான பள்ளத்துக்கு மாறுங்கள். அடியில் 60 செ.மீ. நடுத்தர மணலைப் படுக்கையாகப் போட்டு, தண்ணீரைச் சின்னத் தவணைகளாக விட்டால் மணல் வடிகட்டும் அவகாசம் கிடைக்கும். பாறை ஒரு மீட்டருக்குள் இருந்தால் மறுபடி மணல்மேடுதான்.

அறிகுறி 7: டேங்க் மேலே எழும்பிவிட்டது, அல்லது வெடித்து ஒழுகுகிறது

நீர்மட்டம் ஏறிய நிலத்தில் பிளாஸ்டிக், எஃப்.ஆர்.பி. (ஃபைபர்) டேங்கை மழைக்காலத்தில் காலி செய்தால் மிதக்கும். 2,000 லிட்டர் டேங்க் முழுக்க மூழ்கினால் தண்ணீர் அதை 2 டன் விசையோடு மேலே தள்ளும். கான்கிரீட் தண்ணீருக்குள் கன மீட்டருக்கு 1.4 டன்தான் நிற்கும். ஆக, மேல்மண்ணைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால் ஏறத்தாழ 1.5 கன மீட்டர் கான்கிரீட்டை அடித்தளமாகப் போட்டு, டேங்கை அதோடு பட்டை போட்டுக் கட்ட வேண்டும். ஏற்கெனவே புதைத்துவிட்டதா? கோடையில் மட்டும் சுத்தம் செய்யுங்கள். லாரி போனதும் நல்ல தண்ணீர் ஊற்றி நிரப்பிவிடுங்கள். எழும்பிய டேங்கை மிதித்து அழுத்திப் பயனில்லை. குழாய் இணைப்புகள் ஏற்கெனவே முறிந்திருக்கும். நீர்மட்டம் இறங்கிய பின் தோண்டி எடுத்துத் திரும்ப வைக்க வேண்டும்.

கரிசலில் செங்கல் டேங்க் பக்கச்சுவரின் நடுவில் கிடைமட்டமாக வெடித்தால் அது உப்பிய மண்ணின் தள்ளல். ஒழுகல் சோதனைக்கு, சுத்தம் செய்த பின் டேங்கை நிரப்பி, சுவர் குடிக்க ஒரு நாள் விட்டு, குறி வைத்து, அடுத்த 24 மணி நேரத்தில் 1 செ.மீ.க்கு மேல் இறங்குகிறதா பாருங்கள். உள்ளே பூசினால் மட்டும் அடுத்த மழைக்கு மறுபடி வெடிக்கும். சுவரைச் சுற்றிக் கரிசலை 30 செ.மீ. அகலத்துக்கு எடுத்துவிட்டுச் சரளை நிரப்பி, மேலே களிமூடி போட்டு மழைநீர் இறங்காமல் செய்த பிறகே பூசுங்கள்.

அறிகுறி 8: செடிப்படுகையில் தண்ணீர் மேலே தெரிகிறது

டேங்க் தண்ணீரைச் சுத்தமாக்கக் கல்வாழை, நாணல் வைத்த ஜல்லிப் படுகையில் (ஆளுக்கு ஒன்றரை முதல் 2 சதுர மீட்டர், 60 செ.மீ. ஆழம்) தண்ணீர் எப்போதும் ஜல்லி மேற்பரப்புக்கு 5 முதல் 10 செ.மீ. கீழேதான் நிற்க வேண்டும். மேலே தெரிந்தால் கொசு. வெளிவாயில் திரும்பும் எல்போவைச் சாய்த்து மட்டத்தை இறக்குங்கள். இறக்கியும் உள்வாய்ப் பக்கம் மட்டும் குளமாக நின்றால் முதல் அரை மீட்டர் ஜல்லி அடைத்திருக்கிறது. அந்தப் பகுதியை மட்டும் அள்ளிக் கழுவி, அங்கே 40 மி.மீ. பெருஜல்லியாகப் போடுங்கள், முன்னால் டேங்கில் மண்டி ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். செடி மஞ்சளித்தால் தண்ணீர் வேருக்கு எட்டவில்லை. மட்டத்தை ஒரு வாரம் ஏற்றி வைத்துப் பின் மெதுவாக இறக்குங்கள்.

இந்தப் படுகை தண்ணீரைச் சுத்தமாக்கும், குறைக்காது. வெளியே வருவதை மரங்களுக்கு விடலாம். கீரைப் பாத்திக்கு வேண்டாம். தெருக் கால்வாயில் விடுவதானால் உள்ளாட்சியின் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நாற்றம் மட்டும், வேறு குறையில்லை

காற்றுக்குழாய் கூரைக்கு மேல் ஏறவில்லை, அல்லது வலையில் குளவி கூடு கட்டியிருக்கிறது. அதிகம் புழங்காத குளியலறையின் தரைவடிகாலில் தண்ணீர் வற்றியிருந்தாலும் இதே வாடை வரும். ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.